மைனருக்கு ஒரு நீதி, மாதவிக்கு ஒரு நீதி

? பல பெண்களோடு சுற்றும் கதாநாயகன் மேல் ரசிகர்களுக்குக் கோபமே வருவதில்லை. அதையே கதாநாயகி செய்தால் தியேட்டர் முழுக்க முகம் சுளிக்கிறது. ஏன்?
(கல்லூரி மாணவி, திருச்சி)

சொத்து. எனக்குப் பின் இந்த நிலம் யாருக்கு என்று கேட்டு, 'என் மகனுக்கு' என்று ஆண் பதில் சொன்ன காலத்தில் தொடங்கிய வழக்கு இது. பிறப்பவன் தன் மகன்தான் என்று உறுதி செய்துகொள்ள மனைவிக்குக் காவல் போட்டான். கணவனுக்குக் காவல் போட யாருக்கும் தேவை வரவில்லை. அந்தக் காவலைத்தான் காவியம், கதாகாலட்சேபம், நாடகம், சினிமா என்று தலைமுறை தலைமுறையாக ஒழுக்கமாகப் பாடம் நடத்தினோம். ஒரு சென்ட் நிலம் இல்லாத வீட்டுக்குள்ளும் அது புகுந்துவிட்டது. அதனால்தான் ஆண் தடம் மாறினால் கதையில் அது ஒரு சம்பவம். பெண் தடம் மாறினால் அவள் கதையே அதுதான்.

? சங்க காலத்திலேயே பரத்தையர் இருந்தார்களே! மனைவிமார் அதை ஏற்றுக்கொண்டுதானே வாழ்ந்தார்கள்?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)

ஏற்றுக்கொண்டிருந்தால் மருதத் திணையே பிறந்திருக்காது, ஐயா. அதன் உரிப்பொருள் ஊடல். பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே விடமாட்டோம் என்று தோழியும் தலைவியும் சொல்லும் பாடல்கள் எத்தனை! பரத்தைக்கும் அங்கே குரல் உண்டு. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் அவளையே பேச வைக்கிறார். இங்கே வந்து பெரிய பேச்சுப் பேசுகிறவன், வீட்டுக்குப் போனதும் கண்ணாடிப் பாவை மாதிரி மனைவி ஆட்டியபடி ஆடுகிறான் என்று அவள் அவனைக் கேலி செய்கிறாள். கோபிக்கும் உரிமை தலைவிக்கும், பேசும் உரிமை பரத்தைக்கும் அந்தக் கவிதைகளில் இருக்கிறது. ஆனால் கடைசியில் கதவு திறப்பது தலைவனுக்குத்தான். தலைவி வேறோர் ஆணை நாடிப் போய்த் திரும்பி வந்ததாகவும், தலைவன் ஊடியதாகவும் ஒரு துறை கிடையாது. அந்த இடைவெளியையும் சேர்த்துத்தான் வகுப்பில் சொல்ல வேண்டும்.

? மாதவி குடும்பத்தைக் கெடுத்தவள் என்று என் பாட்டி சொல்வார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(வாசகி, மயிலாடுதுறை)

பாட்டியிடம் சிலப்பதிகாரத்தின் கானல்வரியை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். கடற்கரையில் முதலில் யாழ் மீட்டிப் பாடியவன் கோவலன். அவன் மனத்தில் வேறொருத்தி இருப்பது போல அந்தப் பாட்டு ஒலித்தது. மாதவி எழுந்து போகவில்லை. தானும் யாழை வாங்கி, தன் மனத்தில் வேறொருவன் இருப்பது போலப் பதிலுக்குப் பாடினாள். அவள் பாடி முடித்ததும் அவன் எழுந்து போய்விட்டான். அவன் பாடினால் கலை, அவள் பாடினால் துரோகம். பிறகு அவள் அனுப்பிய ஓலையையும் வாங்க மறுத்தான். மதுரைக்குப் போகும் வழியில் இரண்டாவது ஓலையைப் படித்த பிறகுதான், பிழை தன்னுடையது என்று உணர்கிறான். இதை எழுதிக் காட்டியவர் இளங்கோவடிகள், மறந்தவர்கள் நாம். கோவலன் இறந்தபின் மாதவி வேறு வாழ்க்கை தேடவில்லை. துறவு பூண்டாள், மகள் மணிமேகலையையும் கணிகையர் வாழ்வில் விடவில்லை. இந்தக் காப்பியத்தில் மனம் மாறியவன் ஒருவன்தான். அது மாதவி இல்லை.

? வள்ளுவரும் பெண்ணுக்குத்தானே கற்பைச் சொன்னார்?
(வாசகர், நாகர்கோவில்)

பதினைந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். 'பிறனில் விழையாமை'யின் பத்துக் குறளும் ஆணைப் பார்த்துச் சொன்னவை. ஆண்மைக்கே அங்கு அவர் புது இலக்கணம் வகுக்கிறார்: அடுத்தவன் மனைவி மேல் கண் வைக்காமல் இருப்பதுதான் அது. ஆனால் 'வரைவின் மகளிர்' அதிகாரத்தில், பொருளுக்காக உடலை விற்பவளைச் சாடுகிறாரே தவிர, அவள் எப்படி அங்கே வந்து சேர்ந்தாள் என்று கேட்கவில்லை. இருவருக்கும் ஒரே நீதி என்ற குரல் இருபதாம் நூற்றாண்டில் உரக்க எழுந்தது. கற்பு என்றால் இரு பாலாருக்கும் பொதுவில் வை என்றார் பாரதியார். பெரியார் ஒரு படி மேலே போய், 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அந்தக் கருத்தின் அடித்தளத்தையே கேள்வி கேட்டார்.

? கெட்டுப்போன ஆணைத் தண்டித்த தமிழ்ப் படமே இல்லையா?
(வாசகர், மதுரை)

உண்டு. இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1944-ல் வந்து மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தில், எம்.கே.தியாகராஜ பாகவதர் தாசியின் மோகத்தில் மனைவியையும் பெற்றோரையும் மறக்கிறார். பிறகு மனம் திருந்தி பக்தராகிறார். மைனர் வாழ்க்கை அவருக்குப் பக்திக்குப் போகும் வழியில் ஒரு படிக்கட்டு. 1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்' வேறு ரகம். எம்.ஆர்.ராதாவின் மோகனசுந்தரத்துக்கு மன்னிப்பே கிடையாது. தொழுநோயும் தெருவும்தான் மிச்சம். எனக்கு அதைவிட முக்கியம் அதன் முடிவு. தன் மனைவிக்குத் தன் நண்பனையே மறுமணம் செய்து வைக்கச் சொல்கிறான் அவன். கணவன் கெட்டால் மனைவி பூஜை அறையில் காத்திருக்க வேண்டியதில்லை என்று சொன்ன படம் அது. நோயைத் தண்டனையாகக் காட்டியதை இன்று நாம் ஏற்க முடியாது. ஆனால் அந்த முடிவின் துணிச்சல் பிறகு வந்த பல படங்களுக்கு வரவில்லை.

? 'சின்ன வீடு', 'ரெட்டைவால் குருவி', 'சதிலீலாவதி' எல்லாம் பார்த்துச் சிரித்தோம். சிரித்தது தப்பா?
(வங்கி ஊழியர், சேலம்)

சிரித்தது தப்பில்லை. சிரித்து முடித்ததும் வேடங்களை மாற்றிப் பாருங்கள். இரண்டு மனைவிகளுக்கு நடுவே ஓடி ஒளியும் கணவன் நகைச்சுவை. இரண்டு கணவர்களுக்கு நடுவே ஓடி ஒளியும் மனைவியை வைத்து அதே படத்தை எடுத்திருந்தால் 1985-ல் ஒரு காட்சியாவது ஓடியிருக்குமா? 1981-ல் வந்த 'அந்த 7 நாட்கள்' படத்தில் கணவனே முன்வந்து மனைவியைப் பழைய காதலனிடம் சேர்க்கத் தயாராகிறான். அப்போதும் தாலி அவளை விடவில்லை. ஆணுக்குச் சின்ன வீடு கட்டிக் கொடுத்த அதே கைதட்டல், பெண்ணுக்குப் பழைய காதலைக்கூடக் கொடுக்க மறுத்தது.

? சில்க் ஸ்மிதாவை இன்று எல்லோரும் கொண்டாடுகிறார்களே?
(வாசகர், சென்னை-24)

உயிரோடு இருந்தபோது கொண்டாடியிருக்க வேண்டும். 1980-ல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் வந்த ஒரு பாத்திரத்தின் பெயர் அவருக்கு ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது. அவருடைய ஒரு நடனம் இருந்தாலே படம் விலைபோன காலம் அது. திரையில் ஆசையை எல்லாம் அவர் தலையில் ஏற்றிவிட்டுக் கதாநாயகியைப் பூ மாதிரி வைத்துக்கொண்டார்கள். விசில் அடித்தவர்களே வெளியே வந்து அவரை இழிவாகப் பேசினார்கள். 'அலைகள் ஓய்வதில்லை'யில் அவர் நடித்த குடும்பப் பெண் வேடத்தைப் பாருங்கள். எப்பேர்ப்பட்ட நடிகையை வீணடித்தோம் என்பது புரியும். 1996 செப்டம்பரில் இறந்தார். அவரைப் பயன்படுத்திக்கொண்டு லாபம் பார்த்தவர்களின் நடத்தையை யாரும் விசாரிக்கவில்லை.

? வறுமையால் வழி தவறும் பெண்ணைத் தமிழ் எப்படிப் பார்த்தது?
(தொழிற்சங்க ஊழியர், கோவை)

புதுமைப்பித்தன் நேருக்கு நேர் பார்த்தார். 'பொன்னகரம்' அம்மாளு மில் தொழிலாளி. புருஷன் வண்டி ஓட்டுபவன், அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்காக அவள் ஒரு சந்துக்குள் போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கதை முடியும்போது கூண்டில் நிற்பது அம்மாளு இல்லை, கற்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் நாம். நாற்பது வருஷம் கழித்து வந்த 'அரங்கேற்றம்' படத்தில் பாலசந்தர் இன்னொரு வீட்டைக் காட்டினார். மூத்த மகள் லலிதா அனுப்பும் பணத்தில் தம்பி தங்கைகள் தலையெடுக்கிறார்கள். பணம் வந்த வழி தெரிந்ததும் அவளைத் தள்ளி வைக்கிறார்கள். ஆனால் லலிதாவைக் கடைசியில் பைத்தியமாக்கிவிட்டது படம். புதுமைப்பித்தன் அம்மாளுவுக்கு அந்தத் தண்டனையைக் கொடுக்கவில்லை. என் ஓட்டு அவருக்குத்தான்.

? ஜெயகாந்தனா, தி.ஜானகிராமனா? இந்த விஷயத்தில் யார் துணிச்சல்காரர்?
(நூலகர், புதுக்கோட்டை)

இருவரும் 1966-ல்தான் நம்மைத் தூங்கவிடாமல் செய்தார்கள். 'அக்கினிப் பிரவேசம்' கதையில், ஏமாற்றப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். எதிர்ப்பு கிளம்பியது. அந்தத் தாய் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தன் எழுதிய பதில்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதன் நாயகி கங்காவின் வாழ்க்கையைக் கெடுத்தது காரில் வந்து ஏமாற்றியவன் மட்டும் இல்லை, வீடும் ஊரும் சேர்ந்துதான் என்று அது நிரூபித்தது. 'அம்மா வந்தாள்' இன்னும் கடினமான இடத்தைத் தொட்டது. அலங்காரத்தம்மாள் ஏமாற்றப்பட்டவள் அல்ல. தெரிந்தே ஆசைப்பட்டவள், கம்பீரமானவள், கணவரும் அறிந்தே இருப்பவர். அவளை ஜானகிராமன் கொல்லவும் இல்லை, கோபுரத்தில் ஏற்றவும் இல்லை. ஆசைப்பட்ட பெண்ணை மனுஷியாகவே விட்டு வைத்தார். ஜெயகாந்தன் பாதிக்கப்பட்டவளுக்கு நியாயம் கேட்டார். ஜானகிராமன் ஆசைப்பட்டவளையும் புரிந்துகொள்ளச் சொன்னார். இரண்டாவதுதான் அதிகத் துணிச்சல்.

? உடலைப் பற்றி ஆண் எழுதினால் இலக்கியம், பெண் எழுதினால் கலாட்டா. இது எப்போது தொடங்கியது?
(கவிஞர், திருவண்ணாமலை)

தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த பெண் கவிஞர் முத்துப்பழனி, 18-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் 'ராதிகா சாந்தவனம்' எழுதினார். ராதையின் ஆசையையும் கோபத்தையும் ராதையின் பக்கம் நின்று சொன்ன காவியம். 1910-ல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை முழுமையாக அச்சிட்டபோது ஆபாசம் என்று கூச்சல் எழுந்தது. ஆங்கில அரசு தடை போட்டது. வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண் கவிஞர்கள் எழுதியதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே அம்மையார்தான். தடை நீங்க 1947 ஆயிற்று. 2002-ல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோதும் அதே கூச்சல். சிற்பி கல்லில் செதுக்கிக் கோயில் தூணில் வைத்ததைப் பெண் அட்டையில் அச்சிட்டால் ஆகாது என்றார்கள். நாகரத்தினம்மாள் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

? கதை, சினிமாவை விடுங்கள். சட்டமாவது சமமாக இருந்ததா?
(சட்ட மாணவர், செங்கல்பட்டு)

1860-ன் இந்திய தண்டனைச் சட்டம், 497-வது பிரிவு: அடுத்தவன் மனைவியோடு உறவு கொண்ட ஆண் குற்றவாளி. அந்தக் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை! கணவன் வேறொருத்தியிடம் போனால் மனைவி இந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது. பெண்ணைத் தண்டிக்காமல் விட்டது கருணை போலத் தெரியும். உண்மையில் அவளைக் கணவனின் உடைமையாகவே அந்தச் சட்டம் எண்ணியது. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. திரைக்கதைகளிலிருந்து இன்னும் போகவில்லை.

? அப்படியானால் பெண்ணும் ஆணைப் போலவே இஷ்டத்துக்குத் திரியலாம் என்கிறீர்களா?
(வாசகர், விருதுநகர்)

யாரும் யாரையும் ஏமாற்றக் கூடாது என்கிறேன். கொடுத்த வாக்கை மீறுவது தவறு என்றால், மீறியவர் வேட்டி கட்டியவரா, சேலை கட்டியவரா என்று பார்க்காதீர்கள். வாக்கே கொடுக்காத இரண்டு வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு பழகினால் ஊருக்கு அதில் வேலை இல்லை. ஒழுக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒழுக்கம் போதும் என்கிறேன்.

? இப்போது வரும் படங்களில் மாற்றம் தெரிகிறதா?
(உதவி இயக்குநர், சென்னை)

தெரிகிறது. 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் வேம்பு தவறு செய்கிறாள்; அதற்காகச் சாகவில்லை, பைத்தியமாகவில்லை, சாமியாராகவில்லை. கணவனோடு சண்டை போட்டு, பேசி, மீண்டும் வாழத் தொடங்குகிறாள். இது பெரிய மாற்றம். ஆனால் மறுத்த பெண்ணைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைக்கும் நாயகன் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவனை வீட்டுக்கு அனுப்பும் வேலை உங்கள் தலைமுறையுடையது. அடுத்த திரைக்கதையில் அவனை எழுதாதீர்கள்.

? என் மகனுக்குப் பதினாறு வயது. இந்தப் படங்களையெல்லாம் பார்க்கவிடலாமா?
(இல்லத்தரசி, தஞ்சாவூர்)

வயதுக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அம்மா. படம் முடிந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தக் கதையில் தவறு செய்தது யார், தண்டனை அனுபவித்தது யார்?" இரண்டுக்கும் பதில் ஒரே ஆளாக இல்லாவிட்டால், ஏன் என்று அவனே யோசிக்கட்டும். 'ஆம்பளைன்னா அப்படித்தான்' என்ற பேச்சு உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்து வந்தாலும் அன்றைக்கே மறுத்துச் சொல்லுங்கள். மகள் இருந்தால் அவளையும் அதே சோபாவில் உட்கார வைத்து அதே கேள்வியைக் கேளுங்கள். இருவருக்கும் ஒரே பாடம் நடத்துங்கள்.