ஏழாவது படி

போன செவ்வாய்க்கிழமை வந்த இன்சூரன்ஸ் தம்பி மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கூப்பிட்டது நான்தான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாடிப்படிக்குக் கைப்பிடி எங்கீங்க சார்?" என்றான்.

கைப்பிடி! கொண்டப்பநாயக்கன்பட்டியில் வெளிப்பக்கமாகப் படி வைத்து மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிற நம்மிடம் கேட்கிற கேள்வியா இது? கையில் காசு தீர்ந்த இடத்தில் வீடு முடிந்தது. கைப்பிடி அதற்கு அந்தப் பக்கம்.

அவன் கேட்டிருக்க வேண்டியது ஏழாவது படியை. மேஸ்திரி எல்லாப் படியையும் ஆறங்குலத்தில் கட்டிக்கொண்டு வந்து, ஏழாவதை மட்டும் ஒன்பதங்குலமாக்கிவிட்டார். கேட்டால், "கணக்கு எங்கயாச்சும் இடிக்கணுமில்லீங்க" என்றார். ஆறு படியில் பழகிய கால் ஏழாவதில் போய் முட்டும். கேபிள்காரர் விழுந்தார். பால்காரர் விழவில்லை, பால் விழுந்தது. மாடியில் குடியிருந்த வாத்தியார் மகளைப் பெண் பார்க்க வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா விழுந்து, சகுனம் சரியில்லை என்று எல்லோரும் காபி குடிக்காமல் போனார்கள். அந்தப் பெண்ணுக்கு அதைவிட நல்ல இடம் அமைந்தது; அதில் படிக்கும் பங்குண்டு என்பேன். ஒரு தடவை ஆறாவது படிமேல் சிமென்ட் போட்டு உயர்த்தினேன். ஏழாவது அடங்கியது, ஆறாவது தடுக்க ஆரம்பித்தது. பழகின சனியனே மேல் என்று கொத்தி எடுத்தேன். சிவப்புப் பெயின்ட் அடித்தேன். ஜனங்கள் ஏழாவதை உற்றுப் பார்த்துக்கொண்டே ஏறி எட்டாவதில் விழுந்தார்கள். இப்போது சாவி கொடுக்கும்போதே, "ஏழாவது படி மட்டும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படும் ஒரே ஷரத்து அதுதான்.

சொல்ல வந்தது இன்சூரன்ஸ். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியைத்தான் தம்பி விரித்தான். வீட்டின் மதிப்பு எண்பது லட்சம் என்றேன். "மண்ணு எரியாதுங்க சார்" என்று மனையைக் கழித்துவிட்டு, திரும்பக் கட்டுகிற செலவை மட்டும் எழுதினான். என் சொத்து கண்ணெதிரில் பாதியாயிற்று. தீ, வெடிப்பு, இடி, வெள்ளம் எல்லாம் சேர்த்தி. தீப்பிடித்து வாடகை நின்றால் அதற்கும் பணம் உண்டாம். தீப்பிடிக்காமலேயே நிற்கிற வாடகைக்கு? இல்லையாம். படியில் ஆள் விழுந்தால்? அதற்குத் தனிப் பாலிசியாம்.

2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தையும் அவனே சொன்னான். குழாய் வாஷர் குடியிருப்பவர் பொறுப்பு. ஒயரிங்கும் கட்டடக் கோளாறும் வீட்டுக்காரர் தலையில். ஏழாவது படி எதில் சேரும் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் மாடிக்குப் போய், "கேஸ் ட்யூப் எப்ப மாத்துனீங்க?" என்றான். அந்த ஆரஞ்சு ட்யூபுக்கு ஆயுசு ஐந்து வருஷம். குடியிருப்பவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சிலிண்டர் இணைப்பு அவருடைய பழைய வீட்டு விலாசத்தில் இருக்கிறது. விபத்தில் பொருள் சேதத்துக்கு எண்ணெய் நிறுவனங்களின் காப்பீடு உண்டு, ஆனால் பதிவான விலாசத்தில் நடக்க வேண்டும் என்றான். அதாவது வெடிப்பதானால் பழைய வீட்டில் போய் வெடிக்க வேண்டும்.

இதில் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 2021 நவம்பர் 23 காலையில் கருங்கல்பட்டியில் சிலிண்டர் வெடித்து அடுத்தடுத்த வீடுகள் இடிந்தன. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உட்பட ஐந்து பேர் போனார்கள். அன்று நானும் மாடிக்கு ஓடி ட்யூபைத் தடவிப் பார்த்தேன். ஒரு வாரம் தினமும் பார்த்தேன். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன்.

ட்யூப் மாற்றியாயிற்று. பாலிசி போட்டாயிற்று. கைப்பிடிக்கு வெல்டிங்காரர் சொன்ன தொகை பிரீமியத்தைவிடப் பல மடங்கு, யோசித்துக்கொண்டிருக்கிறேன். இறங்கும்போது தம்பியும் ஏழாவது படியில் தடுமாறினான், நான் எச்சரிக்கவில்லை.

போர்ஷன் அடுத்த மாதம் காலியாகிறது. மூன்று மாத அட்வான்ஸ், தண்ணீர் உண்டு, ஜன்னலில் ஏற்காடு மலை தெரியும். பார்க்க வருகிறவர்கள் பகலில் வரவும்.