'டிக்' என்றொரு சத்தம்

அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட காலையில்தான் பைக்கின் செல்ஃப் பட்டன் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்துபோகும். ஸ்டார்ட்டர் ரிலே ஒட்டிக்கொள்ளக் கரண்ட் இருக்கிறது, மோட்டாரைச் சுற்ற இல்லை என்பதே அதன் அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டதும் தெருவாசிகள் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்துவிடுவார்கள்.

"ஹாரன் அடிச்சுப் பாருங்க சார்" என்பார் மாடிவீட்டுக்காரர். அடிக்கும். "அப்ப பேட்டரி பக்கா!" ஹாரனுக்கு இரண்டு மூன்று ஆம்பியர் போதும், செல்ஃப் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு கேட்கும் என்பதெல்லாம் அவர் தீர்ப்பைப் பாதிக்காது. அடுத்தவர் ஸ்பானரால் இரண்டு டெர்மினலையும் உரசி, பொறி பறக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கக்கூடும். அவருக்கு இன்னும் புருவம் இருப்பது அதிர்ஷ்டம்தான்.

மூன்றாமவர் ரெண்டாவது கியரில் போட்டுத் தள்ளச் சொல்வார். கார்புரேட்டர் வண்டிக்கு அது அருமையான யோசனை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் பம்பே பேட்டரியை நம்பித்தான் ஓடுகிறது. சுத்தமாக இறங்கிய பேட்டரியோடு தள்ளினால் வியர்வைதான் மிச்சம். கிக்கரையோ பல மாடல்களில் எடுத்தே விட்டார்கள்.

இத்தனை பேருக்கும் பதிலாகச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். சார்ஜ் முழுதாக ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். 12.0 காட்டினால் ஏறக்குறையக் காலி. 12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருந்தால் அது காலி என்று மாடிவீட்டுக்காரரிடம் நிரூபித்தவர் இதுவரை யாருமில்லை. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் பத்தரையைத் தாண்டவில்லை என்றால் ஒரு செல் போய்விட்டது; அதற்கு மேல் வைத்தியம் கிடையாது.

சார்ஜே ஏறாத பேட்டரியின் கதை வேறு. 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே செய்த ஈய-அமில ஏற்பாடுதான் இன்றும் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் இறங்க இறங்கத் தகடுகளில் லெட் சல்பேட் படியும். சார்ஜ் போட்டால் கரையும். இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் அது இறுகிப்போய் எதற்கும் மசியாது. தானியங்கி சார்ஜர் சில, வோல்ட்டேஜ் மிகவும் குறைந்திருந்தால் பேட்டரி மாட்டப்படவே இல்லை என்று முடிவுகட்டி வேலைநிறுத்தம் செய்யும். இதைப் பார்த்தவுடன் "ஆசிட் ஊத்துங்க" என்று ஒரு குரல் வரும். திறந்து ஊற்றும் வகையில் குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. டிஸ்டில்ட் வாட்டர் விட வேண்டும். ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றும் சிக்கனவாதிகளைப் பற்றி இங்கே பேச இடமில்லை.

தாம்பரத்துக்காரர் ஒருவர் புது பேட்டரி போட்டார். சில மாதத்தில் அதுவும் படுத்தது. கடைக்காரரை வாரண்டி அட்டையோடு போய்த் திட்டினார். கடைக்காரரும் சளைக்காமல் திட்டினார். இரண்டு பேரும் செய்யாதது ஒன்றுதான்: எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முறுக்கி, டெர்மினலில் மீட்டர் வைத்துப் பார்ப்பது. கடைசியில் ஒரு மெக்கானிக் பையன் அதைச் செய்தபோது, 13.8-க்கும் 14.5-க்கும் இடையே வர வேண்டியது, 12.3-லேயே நின்றது. ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் எனும் ஆர்.ஆர். யூனிட்டுக்குப் போகும் கப்ளர் கருகி இளகிக் கிடந்ததை அவனே டார்ச் அடித்துக் காட்டினான். மீட்டர் 15-க்கு மேல் போயிருந்தால் ஆர்.ஆர். யூனிட் கெட்டு, பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது என்று அர்த்தம்.

திருட்டுக் கரண்ட் இன்னொரு வில்லன். ஜிபிஎஸ், அலாரம், யூஎஸ்பி சார்ஜர் என்று மாட்டிய அலங்காரங்கள் சாவி எடுத்தபின் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால், 5 ஆம்பியர்-மணி பேட்டரி நூறு மணி நேரத்தில், அதாவது நாலே நாளில் தீர்ந்துவிடும். நெகட்டிவ் வயரைக் கழற்றி இடையில் மீட்டரைக் கோர்த்து இதை அளக்கலாம். அந்த நேரம் பார்த்து யாராவது "எங்க, செல்ஃப் எடுக்குதா?" என்று பட்டனை அழுத்தினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். யாராவது அழுத்துவார்கள்.

பழைய புல்லட்டில் ஹெட்லைட் மூடியிலேயே ஒரு ஆம்மீட்டர் இருந்தது. முள் மைனஸ் பக்கம் சாய்ந்தால் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சங்கதி தெரிந்துவிடும். இப்போதைய டிஜிட்டல் மீட்டர் ப்ளூடூத்தில் போன் செய்தது யார் என்று சொல்கிறது. சார்ஜ் ஏறுகிறதா என்பதைப் பல வண்டிகளில் சொல்வதில்லை.

செத்த பேட்டரியைக் கடையில் கொடுத்தால் ஈயத்துக்காக விலையில் கழிவு தருவார்கள். அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. தாம்பரத்துக்காரர் கொடுக்கவில்லை. கரண்ட் போனால் ஒரு பல்பாவது எரியுமே என்று இரண்டையும் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார்.