போர்வைக்குள் ஒரு வக்கீல்

சென்னையில் குளிர்காலம் என்பது தெர்மாமீட்டரில் 21 டிகிரி, பேச்சில் காஷ்மீர். ஜனவரி மாரத்தானுக்குக் கார்த்திகையிலேயே பணம் கட்டியாயிற்று. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு ஷூவும் வாங்கியாயிற்று. ஆனால் காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்ததும் போர்வைக்குள்ளிருந்து ஒரு வக்கீல் எழுந்துவிடுகிறார்: "பனி தலையில் இறங்கும், சளி பிடிக்கும், வாய்தா வாங்கு."

பின்லாந்தில் உறைபனியில், அடியில் ஆணி பதித்த ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிறார்களாம். அவர்களுக்கென்ன, மங்கி கேப் மாட்டிவிட அம்மா பக்கத்தில் இல்லை. நெடுந்தூரம் ஓட 10 டிகிரியை ஒட்டிய குளிர்தான் தோது. அந்தக் கணக்கில் நம் மார்கழியே கொஞ்சம் புழுக்கம். இதைப் போர்வையிடம் யார் எடுத்துச் சொல்வது?

ஒருநாள் நிஜமாகவே ஓடினேன். பெசன்ட் நகர் பக்கம், இரண்டாவது கிலோமீட்டரில், கோயில் வாசலில் தொன்னை நிறைய வெண்பொங்கல். நெய் மிதக்கிறது, முந்திரி முறைக்கிறது. மார்கழிப் பிரசாதத்தை மறுக்க நான் என்ன நாத்திகனா? பாக்கி 40.195 கிலோமீட்டர். தை பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று வீடு திரும்பினேன், ஆட்டோவில். போட்டி தை பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடும் என்பது வேறு விஷயம்.