குறிச்சு வச்சுக்கோ மாப்ளே

‘விட்சர் 3’ என்ற வீடியோ கேமைத் தொடங்கி இன்னும் கால் ஊன்றக்கூட இல்லை. குதிரையை வெளியே விட்டுவிட்டு, கதாநாயகன் ஜெரால்ட் ஒரு சத்திரத்துக்குள் நுழைகிறான். நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தன், ஒரு காலத்தில் கண்ணாடி விற்றுப் பிழைத்தவனாம், கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்கிறான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. முன்பின் தெரியாத ஊரில் ஒழுங்காகத் தகவல் சொல்கிறவனை யாருக்குத்தான் பிடிக்காது?

என் காதுக்குப் பின்னால் முறுக்கு நொறுங்கும் சத்தம். அதற்குப் பின்னால் குரல்.

“குறிச்சு வச்சுக்கோ மாப்ளே. இவன் ஆளு சரியில்ல.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தக் கண்ணாடிக்காரனை நான் நிம்மதியாகப் பார்க்கவே இல்லை.

இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஆகவே இந்தச் சித்திரம் எந்தத் தனி மனிதரையும் குறிப்பதல்ல; இது ஒரு வகை. வசதிக்காக அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம். அவர் என்னை மாப்ளே என்று கூப்பிடுவதை வைத்து யாரும் எதையும் ஊகிக்க வேண்டாம். ஊகிப்பது அவருடைய வேலை. முக்கியமாக, என் அக்கா ஊகிக்க வேண்டாம்.

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் அண்ணாச்சி குத்துக்கல்வலசைக்கு வந்துவிடுவார். குளிக்கத்தான் வருகிறார் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். பையை வைத்துவிட்டு நேரே என் அறைக்கு வருவார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். என் முதுகுக்குப் பின்னால் குத்துக்கல் மாதிரி நிற்பார். அந்தக் காலத்தில் இந்த ஊருக்குப் பேர் வைத்தவன் எதை நினைத்து வைத்தானோ, எனக்குத் தெரியாது. அண்ணாச்சியைக் கேட்டால் அதுவும் முன்குறிப்புதான் என்பார்.

முன்குறிப்பு என்பது அவருக்கு உயிர். திரையில் காகம் பறந்தால் குறிச்சு வச்சுக்கோ. சத்திரக்காரன் கொட்டாவி விட்டால் குறிச்சு வச்சுக்கோ. மூலையில் ஒரு பானை கிடந்தால், “பானை எதுக்குடே அங்கன கெடக்கு? ஒருத்தன் உக்காந்து வரஞ்சிருக்கான்லா? சும்மா வரைவானா?” எனக்குத் தெரிந்து சும்மாதான் வரைந்திருப்பான். சம்பளம் வாங்குகிறான், பானை வரைகிறான். இதை அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். என்னை அவர் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுத்துப்போய், சொன்னபடியே குறித்து வைத்தேன். நோட்டு, பேனா எல்லாம் எடுத்து. காலைப் பலகாரத்திலிருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அவர் குறிக்கச் சொன்னவை மொத்தம் 31. தும்மிய கிழவி ஒன்று. இடது கையால் கதவைத் திறந்த காவல்காரன் ஒன்று. தேவைக்கு மேல் சிரித்த கொல்லன் ஒன்று. பூட்டிக் கிடந்த பெட்டி ஒன்று. கிழவிக்குத் தும்மல் நின்றுவிட்டது, வேறொன்றும் நடக்கவில்லை. காவல்காரன் இடது கைப்பழக்கம் உள்ளவன், அவ்வளவே. கொல்லன் சுபாவமே அப்படி. 30 குறிப்புகள் இப்படி மண்ணாய்ப் போனபின், பெட்டி திறந்தது. உள்ளே ஒரு துருப்பிடித்த வாள்.

“பாத்தியா!” என்றார். வீட்டிலிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்து பார்த்தார்கள். அம்மாவுக்குத் திரையில் என்ன தெரிந்ததோ, “அத்தான் எப்பவுமே கரெக்டாச் சொல்லுவாரு” என்று எனக்கு நினைவூட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

(அத்தான் என்று வாய்தவறி வந்துவிட்டது. அண்ணாச்சி என்று திருத்திப் படிக்கவும்.)

மிச்சம் 30 என்ன ஆயிற்று என்று நோட்டை நீட்டினேன். “இன்னும் கத முடியலல்லா?” என்றார். மறுக்க முடியாத பதில். கிளி ஜோசியக்காரரிடம்கூட நாள் நட்சத்திரம் கேட்டு மடக்கலாம். அண்ணாச்சியிடம் கதை முடியவே முடியாது. பலித்தது அவர் கணக்கு, பலிக்காதது கதாசிரியன் கணக்கு.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த வரவு ‘பால்டர்ஸ் கேட் 3’-இல் நடந்தது. 2023 ஆகஸ்டில் வந்த ஆட்டம். ஆரம்பத்திலேயே நம் ஆள் மண்டைக்குள் கண் வழியாக ஒரு புழுவை விட்டுவிடுகிறார்கள். சில நாளில் அவனும் அரக்கனாக மாறிவிடுவான். அவசரமாக வைத்தியம் தேட வேண்டும். ஆனால் ராத்திரியானால் கூடாரம் போட்டுத் தூங்கலாம். எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் தூங்கலாம். அண்ணாச்சி துள்ளிக் குதித்தார். “மண்டைக்குள்ள புழு கெடந்து நெளியுது, இவன் போர்வைய இழுத்துப் போத்திட்டு ஒறங்குதான். எவன்டே கத எழுதினது? ஓட்ட! பெரிய ஓட்ட!”

நானும் ஓட்டை என்றே நம்பினேன். பல மணி நேரம் கழித்துத்தான் தெரிகிறது: இவர்கள் மாறாமல் இருந்ததே மர்மம், கூட வருகிற பெண் ஒருத்தி மறைத்து வைத்திருக்கும் ஒரு மாயப்பொருள் இவர்களைக் காத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஓட்டை என்று அவர் சொன்னதுதான் கதையின் முடிச்சே. நான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன்.

“அதத்தானடே நானும் அன்னைக்கே சொன்னேன்” என்றார், முறுக்கை மாற்றிக்கொண்டு.

ஓட்டை பிடிப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. பெற்ற மகள் மாதிரி வளர்த்தவளைத் தேடிப் போகிற ஜெரால்ட், வழியில் கடை கடையாக உட்கார்ந்து சீட்டாடுகிறானே, இது நியாயமா என்று ஒரு சாயங்காலம் முழுக்கக் கேட்டார். இதைக் கேட்டது யார்? அக்கா ஒரு நாள் அவசரமாகத் தயிர் வாங்கிவரச் சொல்லி அனுப்ப, டீக்கடையில் தினத்தந்தியின் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத் தயிர் இல்லாமல் திரும்பிவந்தவர். எனக்கு ஜெரால்டின் சீட்டாட்டம் ஒன்றுதான் அந்தக் கதையில் தென்காசிப் பக்கத்து ஆள் எழுதின மாதிரி இருக்கிறது.

ஆட்டத்தோடு நின்றால் பரவாயில்லை. குற்றாலக் குறவஞ்சியையும் விடவில்லை. “ஊருக்கெல்லாம் குறி சொல்லுதா சிங்கி. புருஷன் தெருத்தெருவா தேடிட்டு வாரான்னு அவளுக்குக் குறி வரலியா?” சிலப்பதிகாரத்தில் பாண்டியன்மேல் ஒரே கோபம். “ஒரு செலம்ப ஒடச்சுப் பாக்க எம்புட்டு நேரமாகும்? முத்தா மாணிக்கமான்னு அப்பவே பாத்திருந்தா சோலி முடிஞ்சிருக்கும். ஓட்ட.”

அன்றைக்கு எனக்கே தாங்கவில்லை. அத்தான், சோலி முடிந்திருந்தால் சிலப்பதிகாரம் எங்கே என்றேன். நீங்கள் கேட்கிற அதே கேள்வியைத் தன்னையே கேட்டுத்தான் அந்த ராஜா சிம்மாசனத்திலேயே செத்துப்போகிறான். நீங்கள் ஓட்டை என்று கைகாட்டுகிற இடம்தான் பாதி நேரம் வாசல். கண்ணகி கெட்ட கனவு கண்டதாகச் சொல்கிறாளே, அது நாம் துப்புத் துலக்குவதற்கா? கோவலன் சாகப்போகிறான் என்பது கேட்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே வயிறு கலங்க வேண்டும், அதற்குத்தான் கனவு.

பொறுமையாகக் கேட்டார். “நல்லாப் பேசுத” என்றார். “அந்தக் கனவு, அதக் குறிச்சு வச்சுக்கோ.”

காற்றில் இருக்கிறதோ என்னவோ. இதே குற்றாலத்தில் இருந்துகொண்டுதான் ரசிகமணி டி.கே.சி. கம்பராமாயணத்தில் இது கம்பன் பாட்டு, இது எவனோ செருகினது என்று பிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் வேண்டாததைத் தள்ளியது வேண்டியதை ரசிக்க. ஒரு பாட்டில் நின்றுவிட்டால் அதை விட்டு நகராமல் கூட இருப்பவர்களையும் சொக்க வைப்பாராம். அண்ணாச்சி எதிலும் நிற்பதில்லை. என் பின்னால் மட்டும்தான் நிற்பார்.

இன்னொன்று, சுருக்கமாக: இத்தனை கவனிக்கிறவர் ஒரு முடிவு எடுக்க மாட்டார். இவனைக் கொல்லவா, விடவா என்று ஆட்டம் கேட்கும். நான் அவரைக் கேட்பேன். “ஒன் கதடே, நீயே எடு” என்பார். எடுத்தபின் பெருமூச்சு விடுவார்.

இனிமேல் சொல்லப்போவதில் நகைச்சுவை கிடையாது. விட்சர் 3-இல் மகள் மனமுடைந்து உட்கார்ந்திருக்கும் ஓர் இடம் வரும். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடலாம். அல்லது வெளியே கூட்டிப்போய்ப் பனியை உருட்டி எறிந்து விளையாடலாம். ஒன்றுமில்லாத சங்கதி மாதிரி இருக்கும். உண்மையில், அந்த மாதிரி நாலைந்து அற்ப இடங்களைக் கூட்டிப் பார்த்துத்தான் கடைசியில் அவள் பிழைப்பாளா மாட்டாளா என்று ஆட்டம் தீர்மானிக்கிறது. அதை முன்னால் சொல்லாததில்தான் எழுதினவன் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பிள்ளைகளோடு நாம் விளையாடிய நாளும் விளையாடாத நாளும் அப்படித்தானே கணக்கில் ஏறுகின்றன, நமக்குத் தெரியாமலே?

அந்த இடத்தில் என் பின்னாலிருந்து, “குறிச்சு வச்சுக்கோ மாப்ளே, இதுலதான் அவ உசுரு இருக்கு.”

பனியை எறிந்தேன். மகள் பிழைத்தாள். எனக்கு ஒரு சொட்டுச் சந்தோஷம் இல்லை. பரீட்சைத்தாளைப் பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருந்தது. ஆனாலும் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார் என்ற பிரமிப்பு மட்டும் இருந்தது, அவர் மகன் வாயைத் திறக்கும்வரை. பத்து வயது. கட்டிலில் படுத்துக் காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமல் சொன்னான்:

“மாமா, அப்பா இத யூடியூப்ல ஏற்கனவே ஃபுல்லாப் பாத்துட்டாங்க.”

அந்தக் கண்ணாடிக்காரன்? அவனும் அப்படித்தான். அவன் பெயர் கான்டர் ஓ’டிம் என்பதும், 2015 அக்டோபரில் வந்த கூடுதல் கதையில் சாத்தானுக்கு நிகரான வில்லன் அவன்தான் என்பதும் அண்ணாச்சிக்கு முன்னமே தெரியும். ஆட்டத்தைச் செய்த போலந்துக்காரர்கள் மெனக்கெட்டு ஒரு சத்திரத்தின் மூலையில் அவனைச் சாதுவாக உட்காரவைத்து, நாம் மறந்துபோன பிறகு திரும்பக் கொண்டுவருகிறார்கள். அந்த நேரத்தில் “அட, நீயா!” என்று வாயைப் பிளக்கும் பாக்கியத்துக்காகத்தான் நான் காசு கொடுத்தேன். ஏமாறுவதற்குக் கொடுத்த காசு அது. ஓசியில் வந்து நின்று ஏமாறவிடாமல் செய்துவிட்டார் மனிதர். இதை அவரிடம் சொல்ல முடியாது. அக்கா இருக்கிறாள்.

மறுநாள் ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு, நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலத்தோடு படிக்கட்டில் நின்று, பால்டர்ஸ் கேட்டில் வரும் அஸ்டாரியன் என்பவனுடைய உள்நோக்கத்தை எனக்கு விளக்கினார். “கழுத்துல ரெண்டு பல்லுத் தடம் இருந்துச்சு, கவனிச்சியா? ரத்தக்காட்டேரின்னு கத எழுதினவன் மொதல்லயே சொல்லிட்டான். பார்வைய வச்சே ஒருத்தனுக்கு என்ன வேணும்னு கண்டுபிடிச்சிரலாம்.” அவருக்கு இரண்டு முழம் தள்ளிக் கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. அதன் பார்வை பொட்டலத்தில் இருந்தது. அரை முழம் நகர்ந்தது. தலையைச் சொறிந்துகொண்டு அருவியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. இன்னும் அரை முழம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குறித்து வைத்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

பொட்டலம் மரத்துக்குப் போனபின் அண்ணாச்சி வெறுங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இது எப்படித்தான் தெரியாமப் போச்சு அத்தான்?” என்று கேட்டேன்.

“அது கதையில்லடே” என்றார். “கதன்னா ஒருத்தன் யோசிச்சு எழுதிருப்பான். கொரங்க எவன் எழுதினான்?”

அந்தக் குரலில் எனக்குக் கொஞ்சம் மனசு இளகியது, ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் அவர் ஒரு வாக்கியத்தை முடித்து நான் கேட்டதில்லை, அக்கா முடித்துவைப்பாள். அவர் சொன்ன நிலம் விலை ஏறவில்லை, வாங்காத நிலம் ஏறிவிட்டது. எதற்கும் முன்னால் காகம் பறக்கவில்லை. எதுவும் வீணாகாத, மூலையில் கிடக்கிற பானைக்கும் ஓர் அர்த்தம் இருக்கிற இடம் அவருக்கு என் திரையில்தான் கிடைக்கிறது. திரும்பும்போது தென்காசிக் கோபுரம் தெரிந்தது. பஸ்ஸில் மெதுவாகச் சொன்னார்: “பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயிலக் கட்டும்போதே, பின்னால பழுதானா எடுத்துக் கட்டுதவன் கால்ல இப்பவே விழுந்து கும்பிடுதேன்னு கல்வெட்டுல வச்சிருக்கான். கோபுரம் பாழாகி எத்தன காலம் மொட்டையா நின்னு, 1990-ல எழும்பிச்சு. எழுதினா இப்படில்லா எழுதணும்.” எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை யூடியூப்பில் பார்த்தீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. இப்போது புதிதாக ஓர் ஆட்டம் தொடங்கியிருக்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் இதைப் படிக்கக்கூடும். எப்படியோ மோப்பம் பிடித்துப் போன மாதம் போன் செய்தார். நான் முதல் கிராமத்தைக் கூடத் தாண்டவில்லை.

“அந்தக் கெணத்தடியில ஒரு நாய் தூங்குதுல்லா? குறிச்சு வச்சுக்கோ மாப்ளே.”

வைத்துவிட்டார்.

அதன்பிறகு ராஜாவைக் கொன்றார்கள், ஒரு நகரம் எரிந்தது, என் ஆளின் காதலி எதிரியோடு சேர்ந்துகொண்டாள். எதிலும் என் மனசு ஒட்டவில்லை. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப்போய்க் கிணற்றடியில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். 40 மணி நேரம் ஆகிவிட்டது.

நாய் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது.