டார்னெய்ட் கடிதம்: மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு ஷிராஸ்

மெல்போர்னுக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது டார்னெய்ட். 2015இல் ரயில் வந்தது, பின்னாலேயே ஜனம் வந்தது. 2021 கணக்கெடுப்பின்போது 50,000 பேரைத் தாண்டிவிட்டது. தெருவுக்குத் தெரு செங்கல் வீடுகள், இரண்டு கார் நிற்கக்கூடிய கராஜ்கள். அந்தக் கராஜ்களில் கார் தவிர மற்ற எல்லாம் உண்டு: பொன்னி அரிசி மூட்டை, கொலு பொம்மைப் பெட்டி, கிரகப்பிரவேசத்துக்கு ஆபீஸ் நண்பர்கள் கொடுத்த ரெட் வைன் பாட்டில்கள். "வெள்ளையை ஃபிரிட்ஜில் வை, சிவப்பை ரூம் டெம்பரேச்சரில் வை" என்ற பாடத்தை நம்மவர் வந்த முதல் வருஷமே மனப்பாடம் செய்துவிடுகிறார்.

எந்த ரூம் என்றுதான் யாரும் கேட்பதில்லை.

அந்த விதி பிறந்தது ஹீட்டர் காலத்துக்கு முந்தைய ஐரோப்பாவில். நிலவறைக் குளிரிலிருந்து பாட்டிலை மேலே கொண்டுவந்து, கல்வீட்டின் 16 முதல் 18 டிகிரி அறையில் கொஞ்சம் இளக விட்டார்கள். டார்னெய்ட்டில் ஜனவரி வெயில் மேற்கு பார்த்த கராஜின் தகரக் கதவில் மாலைவரை காய்கிறது. 2009 பிப்ரவரி 7ஆம் தேதி மெல்போர்ன் 46.4 டிகிரியைத் தொட்டது. அந்த மாதிரி நாளில் கராஜ் பாட்டிலைத் திறந்தால் அதைக் குடிப்பதைவிடக் கடுகு தாளித்து ரசமாக்கிவிடலாம். குளிர்காலமும் யோக்கியமில்லை. வெளியே 7 டிகிரி, உள்ளே டக்டட் ஹீட்டிங் 23இல் ஓடும், வெப்பக்காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்திலேயே வைன் ரேக் நிற்கும். இன்னும் சில வீடுகளில் ஃபிரிட்ஜின் தலைமேல் அடுக்கி வைக்கிறார்கள். ஃபிரிட்ஜ் தன் வயிற்றுச் சூட்டையெல்லாம் வெளியே தள்ளுகிற இயந்திரம் என்பதால் இதைவிட மோசமான இடம் அடுப்பு மட்டும்தான்.

சூடு ஏறினால் என்ன கெட்டுப்போகிறது? ஆல்கஹால் வேகமாக ஆவியாகி மூக்கைத் துளைக்கும், பழவாசனை பின்னால் ஒளிந்துகொள்ளும். பரோசா பள்ளத்தாக்கின் ஷிராஸ் என்னும் சிவப்பு வைனில் ஆல்கஹால் 14, 15 சதவீதம் சர்வசாதாரணம். கூடவே மட்டன் சுக்கா இருந்தால் மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் தூண்டிவிடும். விருந்தாளி கண்ணில் நீர் வழிய "சூப்பர் காம்பினேஷன் அண்ணே" என்பார். நம்பக்கூடாது. அதற்காக நாலு டிகிரிக்குக் கொண்டுபோனாலும் வம்புதான். வாசனை அடங்கி, திராட்சைத் தோலின் துவர்ப்பு மட்டும் வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்ததுபோல நாக்கில் ஒட்டும்.

ஷிராஸ், கேபர்னே போன்ற கனமான ரகங்களுக்கு 16 முதல் 18 டிகிரி சரி. யாரா பள்ளத்தாக்கின் பீனோ நுவார் மாதிரி மெலிந்தவற்றுக்கு 13, 14 போதும். கோடையில் வீட்டுக்குள் 25 டிகிரி இருந்தால் கனமான ரகத்தை ஃபிரிட்ஜில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்தால் இறங்கிவிடும். வாசலில் கார் வந்து நின்றுவிட்டதா? வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், பத்து நிமிஷம். வெறும் ஐஸ் உதவாது. கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், தண்ணீர்தான் பாட்டிலைச் சுற்றி ஒட்டி நின்று சூட்டை உறிஞ்சும். ஃப்ரீசரில் வைக்கலாம், எடுக்க நினைவிருந்தால். மறந்தால் உறைந்து விரிந்து, உறைய வைத்த பரோட்டா பாக்கெட்டெல்லாம் திராட்சை நிறமாகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், டிகிரி பார்ப்பதில் டார்னெய்ட் தமிழ் வீட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஜூலை மாதம் தோசை மாவு புளிக்க, ஓவனைப் பற்றவைக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வைக்கிற வித்தை எல்லாருக்கும் அத்துப்படி. அதே வீட்டில் வைன் பாட்டில் ஃபிரிட்ஜில் இருப்பதைப் பார்த்தால் மட்டும், "என்னங்க, ரெட்டைப் போய் ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கீங்க? யாராவது பார்த்தா சிரிப்பாங்க" என்று பதறுவார்கள்.

யார் சிரிப்பார்கள்? ஆஸ்திரேலியர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் கிறிஸ்துமஸ் வெயிலில் நுரைக்கும் ஷிராஸையே சில்லென்று ஊற்றிக் குடிக்கிறவர்கள். விக்டோரியாவின் கிரேட் வெஸ்டர்ன் அந்த வகைக்குப் பேர்போன ஊர். 1965இல் அட்டைப்பெட்டிக்குள் பையில் வைனை அடைத்து விற்கும் முறையைக் கண்டுபிடித்தவரும் தெற்கு ஆஸ்திரேலியக்காரரான தாமஸ் ஆங்கோவ்தான். அந்தப் பெட்டி ஃபிரிட்ஜ் தட்டில் உட்கார்ந்துகொண்டு குழாயை மட்டும் வெளியே நீட்டும். சம்பிரதாயத்துக்கு இங்கே அவ்வளவுதான் மரியாதை.

முன்னோர் சிரிப்பார்களோ என்றால், அதுவும் இல்லை. புறநானூற்றின் 56வது பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த, குளிர்ந்து மணக்கிற மதுவைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தர, அவன் தினமும் மகிழ்ந்திருக்க வேண்டுமாம். அந்த மாதிரிச் சரக்கு வந்த ஜாடிகளின் உடைந்த துண்டுகள் 1945இல் அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்தன. பாண்டிய நாட்டு வெயிலில், ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில், மது குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று ஒரு புலவருக்குத் தோன்றியிருக்கிறது. கவுண்டரில் கம்பி வலைக்குள் கைநீட்டி வாங்கிப் பழகிய டாஸ்மாக் தலைமுறைக்கு இந்த நுணுக்கம் விட்டுப்போனதில் வியப்பில்லை.

டிசம்பர், ஜனவரியில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க விசா எடுத்து வரும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பாட்டில் சாய்ந்திருந்தால் பையன் கெட்டுப்போய்விட்டான் என்று வருந்த வேண்டாம், சாயங்காலம் யாரோ விருந்துக்கு வருகிறார்கள் என்று அர்த்தம். நன்னாரி சர்பத் என்று நினைத்து எலுமிச்சை மட்டும் பிழிந்துவிடாதீர்கள்.