இருவருக்குப் போதும்: பொட்டல உணவின் இரண்டாமவர் பற்றிய ஆராய்ச்சி

கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி, 4,421 மீட்டர் உயர விட்னி சிகரத்தில் முடிவது ஜான் மியூர் பாதை. நீளம் சுமார் 340 கிலோமீட்டர். அங்குள்ள பாறை, பறவை, பைன் மரம் அனைத்தையும் அறிஞர்கள் ஆராய்ந்து தீர்த்துவிட்டார்கள். அந்தி சாயும் நேரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீளக் கரண்டியால் பளபளப்புப் பையைத் துழாவும் மனிதரை மட்டும் எவரும் முறையாக ஆராயவில்லை. அக்குறை இன்றோடு நீங்கும்.

முதலில் அந்தப் பையிலுள்ள உலர் உணவின் வரலாறு. ஆண்டிஸ் மலைவாசிகள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து ‘சுன்யோ’ செய்தார்கள். இன்று அந்த வேலையை வெற்றிடக் கலம் செய்கிறது. உறைந்த உணவிலுள்ள பனி, நீராகாமலே ஆவியாகிவிடும். உணவு சுருங்காமல் பஞ்சாக நிற்கும். வெந்நீர் பட்டதும் உறிஞ்சிக்கொள்ளும். இம்முறையில் காலுக்கு வேலை கிடையாது. ஆயினும் சில வகைகளைச் சுவைத்தவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள்.

இனி ஆய்வுப் பொருள். பையின் மேல் ‘இருவருக்கு’ என்று அச்சிட்டிருக்கிறது. யார் அந்த இரண்டாமவர்?

உடன் நடப்பவரே என்பது முதல் கட்சி. பொருந்தாது. சுமையோடு நாளெல்லாம் ஏறி இறங்குபவருக்கு 3,000 கலோரிக்கு மேல் வேண்டும். ஒரு பையில் இருப்பதோ ஏறத்தாழ 600. அதில் பாதியை நீட்டும் அளவுக்கு நட்பு வளர்ந்ததாகச் சான்று இல்லை.

கரடி என்பார் இரண்டாம் கட்சியினர். யோசெமிட்டியின் காட்டுப் பகுதியில் உணவைக் கரடியால் திறக்க முடியாத பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே கரடிக்குப் பங்கில்லை. எனினும் எந்தப் பை என்ற தேர்வில் கரடிக்குக் குரல் உண்டு. காற்று நிரம்பிய பைகள் நாலைந்து போட்டதும் பெட்டி நிறைந்துவிடும். விவரம் அறிந்தவர் ஊசியால் ஒரு துளையிட்டு, நெஞ்சோடு அணைத்துக் காற்றைப் பிதுக்கி, டேப் ஒட்டுவார். ருசியைப் பார்த்து வாங்கியவர், அடங்கும் அளவைப் பார்த்துக் கழிப்பது இக்கட்டத்தில்தான்.

எமது முடிபு வேறு. இருவராவார், வாங்குபவரும் தின்பவரும். வாங்குபவர் மதியச் சாப்பாடு முடித்து, குளிரூட்டிய கடையில் நின்று, உப்பு குறைவா, நார்ச்சத்து உண்டா என்று எழுத்துக்கூட்டிப் படிப்பவர். தின்பவர் 3,000 மீட்டருக்கு மேலே, மரத்த விரலோடு, உப்பும் கொழுப்பும் கேட்பவர். இருவருக்கும் அறிமுகமே இல்லை. சான்று வேண்டுவோர் பாதையின் நடுவழியிலுள்ள மியூர் டிரெயில் ராஞ்சுக்குப் போகலாம். மலையேறிகள் வேண்டாமென்று விட்டுச் செல்லும் உணவு அங்கே வாளிகளில் கிடக்கும்: ஓட்ஸ், மேலும் ஓட்ஸ். வாங்கியவரின் நல்லெண்ணத்துக்குத் தின்பவர் எழுதிய தீர்ப்பு அது.

ஆகவே வயிறு நிறைந்தவர் கடைக்குப் போகலாகாது. ஐந்து மாடி ஏறி இறங்கி, பசியோடு, முடிந்தால் மழையில் நனைந்து போகவேண்டும். அந்நிலையிலும் கினோவாவை நோக்கிக் கை நீண்டால் அவர் யோகி. அவருக்கு இக்கட்டுரை தேவையில்லை.

சிறு விதிகள் சில. 3,000 மீட்டர் உயரத்தில் நீர் சுமார் 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பையில் ஒன்பது நிமிடம் என்றிருந்தால், ஜாக்கெட்டில் சுற்றி இன்னும் சற்றுநேரம் மடியில் வைத்திருப்பது நலம். ஆக்சிஜன் உறிஞ்சும் குட்டிப் பொட்டலத்தை வெந்நீர் ஊற்றும் முன்பே எடுத்துவிடுக. இருட்டில் அது காளான் துண்டு போலவே இருக்கும், மென்றால் இராது.

அவரை, பயறு மிகுந்த சில்லி வகை பற்றி மட்டும் எமது முடிபுக்கு வலுவான மறுப்பு உண்டு. இருவர் படுக்கும் கூடாரத்தில் ஒருவர் அதை முழுதும் தின்றால், நள்ளிரவுக்குமேல் அடுத்தவருக்கும் பங்கு போய்ச் சேர்ந்துவிடுகிறதாம். முதல் கட்சியார் இதைக் காட்டி மீண்டும் வாதாடுகிறார்கள். கூடார ஜிப்பைத் திறந்துவைத்துக்கொண்டு.