பெருமாளுக்கே திருஷ்டி கழித்தவர்

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்துக்கொண்டு விஷ்ணுசித்தர் என்றொருவர் இருந்தார். துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவார், பூப் பறிப்பார், மாலை தொடுப்பார். சாஸ்திரத்தில் புலி என்று அவருக்குப் பெயர் கிடையாது. ஆனால் பாண்டியன் வல்லபதேவன், ‘எது பரம்பொருள்?’ என்று கேட்டு மதுரையில் பொற்கிழியைத் தொங்கவிட்டபோது, பெருமாள் கனவில் வந்து இவரைத்தான் போகச் சொன்னார். போனார், பேசினார், கிழி தானாகவே வளைந்து கைக்கு வந்தது. பாண்டியன் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டான். வேடிக்கை பார்க்கப் பெருமாளும் கருடன்மேல் ஏறி வந்துவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு, நாலு வரம் கேட்டு வாங்கியிருப்பார்கள். இவருக்கோ அடிவயிறு கலங்கிவிட்டது. இத்தனை ஜனம் பார்க்கிறதே, கண் பட்டால் என்ன ஆவது? யானையின் மணியைக் கழற்றித் தாளமாக்கி, காலத்துக்கே அப்பாற்பட்டவருக்கு ஆயுள் கெட்டியாக இருக்க வேண்டும் என்று பல்லாண்டு பாடினார். அதனால்தான் அவர் பெரியாழ்வார்.

பின்னால் வந்த உரைகாரர்களுக்கு இது பெரிய தலைவலி. சின்னவன் பெரியவனை வாழ்த்தலாமா? அது தகுமா? பிள்ளை லோகாசாரியர் உள்ளிட்ட பலர் உட்கார்ந்து யோசித்து, பிரியம் முற்றினால் யார் காப்பவர், யார் காக்கப்படுபவர் என்ற கணக்கே தலைகீழாகிவிடும், ஆகவே தகும் என்று தீர்த்தார்கள்.

இப்படிப்பட்ட மனுஷர், வீட்டுக்கு வந்ததும் கறார் அப்பாவாகிவிட்டார். துளசிச் செடியடியில் கண்டெடுத்து வளர்த்த கோதை, பின்னாளில் ஆண்டாள், பெருமாளுக்குக் கட்டி வைத்த மாலையைத் தன் கழுத்தில் போட்டு, கிணற்றுத் தண்ணீரில் எட்டி அழகு பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கூடையில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கிணறு என்று இன்றைக்கும் காட்டுகிறார்கள். ஒருநாள் மாலையில் நீளமாக ஒரு முடி.

“என்னம்மா இது?”

“எனக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை அப்பா. அவருக்கு நான் பொருந்துகிறேனா என்று பார்த்தேன்.”

இந்தப் பதில் எந்தக் குருபரம்பரை நூலிலும் இல்லை, நான் போட்டது. அப்பா திட்டியதும், அன்றைக்கு மாலை போகாததும், ராத்திரி பெருமாள் கனவில் வந்து ‘அவள் சூடியது எங்கே? அதுதான் எனக்கு வேண்டும்’ என்ற கருத்தில் பேசியதும் எல்லோரும் சொல்வதுதான். ஒரே ராத்திரியில் வழக்கு முடிந்தது.

ஐரோப்பாவில் இந்த மாதிரி ‘தகுமா’ வழக்குகள் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. அங்கே கனவுக்குப் பதில் பல்கலைக்கழகம் இருந்தது. ஆண்டவர் மனுஷனாகப் பிறந்தது தகுமா என்று காண்டர்பரி பேராயர் ஆன்செல்ம் 1098-ஐ ஒட்டி ஒரு புத்தகமே எழுதினார். 1274-இல் காலமான இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ், தன் ‘சும்மா தியோலாஜிக்கா’வின் மூன்றாம் பாகத்தைத் தொடங்கியதே இந்தக் கேள்வியில்தான். ஆள் பெருத்த உடம்புக்காரர். வயிற்றுக்கு இடம்விட்டு மேசையை அரைவட்டமாக வெட்டினார்கள் என்று கதை. அவர் முறை வேடிக்கையானது: முதலில் ‘தகாது’ என்பவர் கட்சியை வரிசையாகப் பேசவிடுவார், பிறகு ஒவ்வொன்றாக மடக்குவார். இயேசு பெத்லகேமில் பிறந்தது சரியா? உலகத்தையே ஆண்டது ரோம், அங்கே பிறந்திருக்கலாமே? பிறந்திருந்தால், உலகம் மாறியதற்கு ரோமாபுரிப் பெரிய மனுஷர்களின் செல்வாக்குதான் காரணம் என்று ஊர் சொல்லியிருக்கும் என்கிறார். கோதை ஏன் மதுரையில் அகப்படாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் அகப்பட்டாள் என்று கேட்பவர்களுக்கும் இதே பதிலைக் கொடுத்துப் பார்க்கலாம்.

பரிசுத்த ஆவி ஏன் புறாவாக வந்தது என்பதற்கும் பட்டியல் வைத்திருக்கிறார். புறா ஓடைக்கரையில் வசிக்கும், பருந்தைக் கண்டால் தண்ணீருக்குள் பாய்ந்து தப்பிக்கும். நல்ல தானியமாகப் பொறுக்கித் தின்னும். அதற்குப் பித்தமே கிடையாது. ஆண்டாள் கையில் தினமும் புதிதாக இலையால் செய்து வைக்கிறார்களே கிளி, அது ஏன் மயிலாக இல்லை என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் ஏழெட்டுக் காரணம் கிடைத்திருக்கும்.

மேரி மாசில்லாமல் கருவானாள் என்ற கட்சிக்காரர்கள் இன்னும் சுருக்கம். ஆண்டவரால் முடியும், அது அவருக்கு அழகு, அப்படியானால் செய்திருப்பார். டன்ஸ் ஸ்கோட்டஸ் பேரைச் சொல்லி ஓடிய இந்த வாதத்துக்கு அவர் 1308-இல் செத்த பிறகும் ரோம் அவசரப்படவில்லை. 1854-இல்தான் முத்திரை விழுந்தது.

அக்குவினாஸ் கண்ணை மூடியபோது இங்கே வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகன் ஐந்தாறு வயசுப் பையன். மரபுக் கணக்கு அவர் பிறந்தது 1268 என்கிறது. அவர் வளர்ந்து எழுத வந்த காலத்தில் நம்மவர்கள் பிடித்துக்கொண்ட விஷயம், அடியார் செய்யும் தப்பைப் பெருமாள் என்ன செய்வார் என்பது. கண்டும் காணாமல் விடுவார் என்றது தேசிகன் கட்சி. அதெல்லாம் போதாது, தப்பையே ருசித்து ஏற்றுக்கொள்வார், பசு தன் கன்றின் அழுக்கை நக்குவதில்லையா என்றது லோகாசாரியர் கட்சி. இதுவும் இன்னும் பலவும் சேர்ந்து வடகலை, தென்கலை என்று ஆகி, நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்று கோர்ட்டு வாசல் வரை போனது தனிக்கதை. எனக்குப் பசு கட்சிதான் பிடிக்கிறது. முடி சிக்கிய மாலையைக் கேட்டு வாங்கியவரைக் கண்டுகொள்ளாதவர் என்று சொல்ல முடியுமா? தேசிகனும் கோதையிடம் தோற்றவர்தான். 29 சுலோகத்தில் அவள்மேல் ‘கோதா ஸ்துதி’ பாடிவிட்டுத்தான் அடங்கினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில்காரர்களுக்கு மாலை விஷயத்தில் சண்டையே இல்லை. புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்குத் திருப்பதிக்கும், சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்குவதற்கு மதுரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாலை போகிறது. ஆண்டாள் போட்டுக் களைந்ததுதான் போகவேண்டும். பறித்த கையோடு கட்டிய புத்தம்புது மாலைக்கு அந்த வண்டியில் இடமில்லை.

சண்டை மட்டும் இடம் மாறி, பக்கத்தில் இராஜபாளையத்துக்கு வந்தது. 2018 ஜனவரியில் அங்கே ஒரு மேடையில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிப் பேச, அது தகுமா தகாதா என்று தமிழ்நாடே இரண்டுபட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார், கவிஞர் வருத்தம் தெரிவித்தார், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பெருமாள் இந்த முறை எந்த நீதிபதியின் கனவிலும் வந்ததாகத் தகவல் இல்லை.